புரோட்டீன் பார் வாங்கும் முன் ஒரு வகுத்தல் கணக்கு

(திரையில்: சூப்பர் மார்க்கெட் அலமாரியில் வரிசையாக பார்கள். கை ஒன்று ஒரு பாரை எடுத்துப் பின்பக்கம் திருப்புகிறது.)

உடம்பைக் குறைக்க புரோட்டீன் பார் வாங்குகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது உறையின் முன்பக்கம். 'ஹை புரோட்டீன்' என்று பெரிதாக இருக்கும். நமக்கு வேண்டியது பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது. அங்கே கலோரி எவ்வளவு, புரதம் எவ்வளவு என்று பாருங்கள். கலோரியைப் புரதத்தால் வகுங்கள். ஒரு கிராம் புரதத்துக்காக எத்தனை கலோரி சாப்பிட வேண்டியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஒரு பாரில் 240 கலோரி, 20 கிராம் புரதம். வகுத்தால் 12. இன்னொன்றில் 180 கலோரி, 6 கிராம் புரதம். வகுத்தால் 30. கலோரி குறைவு என்று இரண்டாவதைத்தான் பலர் எடுப்பார்கள். ஆனால் அது கிட்டத்தட்ட மிட்டாய். நான் வைத்திருக்கும் அளவு இது: 15க்குள் வந்தால் வாங்கலாம், 20ஐத் தாண்டினால் அது தின்பண்டம். அவித்த முட்டைக்கு இந்தக் கணக்கைப் போட்டால் ஏறக்குறைய 12 வரும். கடலை மிட்டாய்க்கு 28 பக்கம் வரும்.

உறையில் 100 கிராமுக்கு ஒரு கணக்கும், ஒரு பாருக்கு ஒரு கணக்கும் போட்டிருப்பார்கள். எதை எடுத்தாலும் விடை ஒன்றுதான். கலோரியை ஒரு பத்தியிலும் புரதத்தை இன்னொரு பத்தியிலும் எடுத்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

'ஹை புரோட்டீன்' என்று போடுவது சட்டப்படி சரியா? சரிதான். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிப்படி, 100 கிராமில் ஒரு நாள் புரதத் தேவையின் 20 சதவீதம் இருந்தாலே அப்படிப் போட்டுக்கொள்ளலாம். அதாவது 100 கிராமுக்குப் பதினோரு கிராம் அளவு. வெறும் பொட்டுக்கடலையிலேயே அதைவிட அதிகமாக, 20 கிராம் வரை இருக்கிறது! அதனால் எடை குறைக்க நினைப்பவர் அந்த வார்த்தையை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

(திரையில்: பொருள் பட்டியல் நெருக்கமாக)

அடுத்து, பொருள் பட்டியல். எது அதிக எடையோ அதுதான் முதலில் வரும். சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், தேன், பேரீச்சை விழுது என்று இனிப்பைப் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிவிடும். எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்றால் மால்டிடால் என்ற மாற்று இனிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். அதிலும் சர்க்கரையில் பாதிக்கு மேல் கலோரி உண்டு. அதிகமானால் வயிறு உப்பும், பேதியும் ஆகும்.

சரி, வீட்டிலேயே செய்துவிட்டால்? நல்ல யோசனை. ஆனால் வீட்டு பார் என்று பரவலாகச் செய்யப்படுவதை எடை போட்டுப் பார்ப்போம். பேரீச்சை 200 கிராம், பாதாம், முந்திரி, ஓட்ஸ் தலா 50 கிராம், இரண்டு ஸ்பூன் தேன். மொத்தம் ஏறக்குறைய 1,440 கலோரி, புரதம் 30 கிராம் சொச்சம். வகுத்தால் 45! எல்லாமே நல்ல பொருள்கள்தான், சத்தும் உண்டு. ஆனால் எடை குறைக்க இதை நம்பி உட்கார்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அக்கறையாக வீட்டில் செய்து சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று மனம் விட்டுப்போகிறவர்களை நினைத்துத்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

(திரையில்: சமையல் தராசு, பாத்திரம்)

நான் சொல்லும் அளவு இது. பொட்டுக்கடலை மாவு 100 கிராம், சுவை சேர்க்காத வே புரோட்டீன் (பாலிலிருந்து பிரித்தெடுக்கும் புரதப் பவுடர்) 60 கிராம், வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்த வேர்க்கடலை 50 கிராம், கொட்டை நீக்கிய பேரீச்சை 80 கிராம். பேரீச்சையை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து மசியுங்கள். ஏலக்காய்ப் பொடியும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு எல்லாவற்றையும் பிசையுங்கள். தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகத்தான் விட வேண்டும். தண்ணீர் ஒரு ஸ்பூன் கூடினாலும் வே புரோட்டீன் கையில் ஒட்டிக்கொள்ளும். அடுப்பில் வைக்க வேண்டாம். பட்டர் பேப்பர் விரித்த தட்டில் அழுத்திப் பரப்பி, இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, எட்டுத் துண்டு போடுங்கள். ஒரு துண்டில் சுமார் 140 கலோரி, 10 கிராம் புரதம். கணக்கு 14.

புரோட்டீன் பவுடரே வேண்டாம் என்கிறீர்களா? அதுவும் நியாயம்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், உடம்பைத் தேற்றப் புரதப் பவுடர்களை எடுக்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. அப்படியானால் வே இருக்கும் இடத்தில் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் போடுங்கள். புரதம் துண்டுக்கு 7 கிராமாக இறங்கும், கணக்கு 20க்குப் போகும். கடலை மிட்டாயைவிட அது எவ்வளவோ தேவலை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும், எந்த பாராக இருந்தாலும், டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

அப்புறம், எப்போது சாப்பிடுவது? சாயங்காலம் ஐந்து மணிக்கு டீயோடு பஜ்ஜியோ சமோசாவோ சாப்பிடும் பழக்கம் இருந்தால், அதற்குப் பதிலாக இந்தத் துண்டு. புரதம் பசியைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடும், இரவுச் சாப்பாட்டில் கை அளவாகப் போகும். பஜ்ஜியும் சாப்பிட்டு பாரும் சாப்பிட்டால் அந்த 140 கலோரி கூடுதல் கணக்கில்தான் போய்ச் சேரும். கையில் முட்டையோ சுண்டலோ இருக்கிற நாளில் பாரைத் தேடவே வேண்டாம். இரண்டு முட்டையில் 12 கிராம் புரதம் இருக்கிறது, விலையும் குறைவு.