இரண்டு கடிதங்களும் ஒரு வினாத்தாளும்

வணக்கம், நேயர்களே.

இருபத்தெட்டு ஆண்டுகள் கணிதம் கற்பித்தவன் நான். அதில் பெரும்பகுதி பொருளாதார மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுப்பதில் கழிந்தது. கணிதத் துறையில் என்னைப் பொருளாதாரக்காரர் என்பார்கள். பொருளாதாரத் துறையில் கணக்கு வாத்தியார் என்பார்கள். இரண்டு இடத்திலும் எனக்கு நாற்காலி இருந்தது. மேசை மட்டும் இருந்ததில்லை. அந்தத் தகுதியில்தான் இன்றைக்கு உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

கணிதமும் பொருளாதாரமும் சேர்ந்த பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்த ஒரு பிள்ளைக்கு இரண்டு பல்கலைக்கழகங்களிலிருந்து இடம் தருவதாகக் கடிதம் வந்துவிடுகிறது. எதை எடுப்பது? இடமே கிடைக்காதவர்கள் வீட்டில் இதைச் சொன்னால், "இதுவும் ஒரு கஷ்டமா?" என்பார்கள். கஷ்டம்தான். ஒன்று கிடைத்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். இரண்டு கிடைத்தால், எதை எடுத்தாலும் இன்னொன்றை விட்டுவிட்டோமே என்ற நினைப்பு படிப்பு முடியும்வரை கூடவே வரும். அப்படி விட்டுவிட்டதன் மதிப்புக்குப் பொருளாதாரத்தில் வாய்ப்புச் செலவு என்று பெயர். அநேகமாக முதல் வாரப் பாடமே அதுதான். வகுப்பு தொடங்கும் முன்பே பாடம் வீடு தேடி வந்துவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி தன் அப்பாவோடு என்னைப் பார்க்க வந்தாள். கையில் கட்டம் போட்ட நோட்டு. ஒரு பக்கம் முழுக்க அட்டவணை. பெயர், பாடம், கட்டணம், விடுதி, வேலைவாய்ப்பு, தூரம் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எத்தனை எடை என்று குறித்து, இரண்டு இடங்களுக்கும் மதிப்பெண் போட்டு, பெருக்கிக் கூட்டியிருந்தாள். பழைய, பேர்பெற்ற பல்கலைக்கழகத்துக்கு 7.1. அவ்வளவாகப் பெயர் தெரியாத மற்றொன்றுக்கு 6.8.

அட்டவணையை வானொலியில் காட்ட முடியாதே என்று கவலைப்படாதீர்கள். எண்களை மறந்துவிடுங்கள். நான் பார்த்தது அழிப்பான் தடத்தை. 'பாடம்' என்ற வரியில் முதலில் 15 என்று எழுதி, அழித்து 20 ஆக்கி, அதையும் அழித்து 25 ஆக்கியிருந்தாள். அந்த இடத்தில் மட்டும் தாள் மெலிந்து, பின்பக்கத்து எழுத்து தெரிந்தது. 'பெயர்' என்ற வரியில் 30 இருந்தது, 25 ஆகி, 20 ஆகியிருந்தது.

"ஏன் அழித்தாய்?" என்றேன்.

"கூட்டினால் நூறு வரவில்லை, சார்."

கூட்டிப் பார்த்தேன். அழிப்பதற்கு முன்பும் நூறுதான், அழித்த பிறகும் நூறுதான். அவள் அப்பா சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

எடையை இரண்டு தடவை நகர்த்தியிருக்கிறாள். இரண்டு தடவையும் ஒரே பக்கமாக. அப்படியும் அவள் விரும்பிய இடம் 0.3 பின்தங்கி நிற்கிறது. அதனால்தான் என்னிடம் வந்திருக்கிறாள். அட்டவணை போடுவது தவறென்று நான் சொல்லவில்லை. போடுங்கள். ஆனால் மையால் எழுதாதீர்கள், பென்சிலால் எழுதுங்கள். எங்கே அழிக்கிறீர்கள் என்று பாருங்கள்.

அப்பா விடவில்லை. "உலகம் பெயரைத்தானே சார் கேட்கும்?" என்றார். நியாயமான கேள்வி. இதற்குப் பொருளாதாரக்காரர்களே ஒரு பதில் தேடியிருக்கிறார்கள். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இருவர் 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 1976-இல் கல்லூரியில் சேர்ந்தவர்கள் பிற்காலத்தில் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்று பார்த்தார்கள். பெரிய கல்லூரியில் படித்தவர்கள் அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்பது ஊரறிந்த செய்தி. ஆனால் அது கல்லூரியின் கைவண்ணமா, அங்கே சேரும் பிள்ளைகளே கெட்டிக்காரர்களா? இதைப் பிரித்துப் பார்க்க, ஏறக்குறைய ஒரே மாதிரிக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, ஒரே மாதிரி இடம் கிடைத்து, பிறகு வெவ்வேறு இடங்களில் சேர்ந்தவர்களை ஒப்பிட்டார்கள். நம் மாணவியைப் போல இரண்டு கடிதம் வைத்திருந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குள், நுழைவுத் தேர்வில் உயர்ந்த சராசரி உள்ள கல்லூரிக்குப் போனவருக்கும் மற்றவருக்கும் சராசரியில் சம்பள வித்தியாசம் தெரியவில்லை. ஒரு விலக்கு உண்டு. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரி பலன் தந்தது. ஆகவே பெயருக்காகக் கவலைப்படும் அப்பாக்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. கைதூக்கிவிட வீட்டில் யாரும் இல்லாதபோது கல்லூரியின் பெயர்தான் அந்தக் கை.

சரி, அவள் ஏன் 'பாடம்' என்ற வரியை ஏற்றிக்கொண்டே போனாள்? இங்கேதான் எனக்குப் பிடித்த பல்லவியை எடுக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பட்டத்தின் பெயர். 'கணிதமும் பொருளாதாரமும்' என்று ஓர் இடத்தில் இருக்கும். இன்னோர் இடத்தில் 'கணிதத்துடன் பொருளாதாரம்'. மூன்றாவது இடத்தில் 'கணிதப் பொருளாதாரம்'. மூன்றும் வேறு வேறு. முதலாவதில் இருப்பது எண்ணும்மை. இரண்டும் சமம் என்று சொல்கிறது. சொல்கிறது, அவ்வளவுதான். இரண்டாவதில்தான் வேடிக்கை. 'மாணவர் ஆசிரியரோடு வந்தார்' என்போம். 'ஓடு' உயர்ந்தவர் பக்கம்தான் ஒட்ட வேண்டும் என்பது நம் பழைய இலக்கண விதி. அந்தக் கணக்கில் 'கணிதத்துடன் பொருளாதாரம்' என்றால் கணிதம்தான் பெரியது. பல்கலைக்கழகத்தில் தலைகீழ். உடன் வருவது கூட்டாளி. முக்கால் பங்கும் பொருளாதாரமாக இருக்கும். ஆகவே பெயரை நம்பாதீர்கள். எத்தனை தாள் கணிதம், அதை யார் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். கணிதத் துறையா? அல்லது பொருளாதாரத் துறைக்குள்ளேயே 'பொருளாதார மாணவர்களுக்கான கணிதம்' என்று ஒரு தாளா? இந்த இரண்டுக்கும் நடுவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

அதை எப்படித் தெரிந்துகொள்வது? பழைய வினாத்தாள். விளம்பரச் சிற்றேட்டைப் பார்க்காதீர்கள், வினாத்தாளைப் பாருங்கள். பாடத்திட்டத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். வினாத்தாளில் கேட்டதை ஒரு மாணவர் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதியாக வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் இணையத்திலேயே வைத்திருக்கின்றன. இல்லையென்றால் அங்கே படிக்கும் ஒருவரிடம் கேட்டால் கிடைக்கும். முதல் ஆண்டுத் தாளை விட்டுவிடுங்கள். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டாம் ஆண்டுத் தாளை எடுங்கள். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, 'காண்க' என்று முடியும் கேள்விகள் எத்தனை, 'நிறுவுக' என்று முடியும் கேள்விகள் எத்தனை என்று எண்ணுங்கள். எந்த மொழியில் தாள் இருந்தாலும் இந்த இரண்டு சொல்லுக்கும் இணை உண்டு.

என்ன வித்தியாசம் என்கிறீர்களா? நீங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் வானொலியின் ஒலித்திருகில் கை வையுங்கள். ஒரு கோடியில் காதில் விழாது. மறு கோடியில் காது வலிக்கும். நடுவில் எங்கோ உங்களுக்குச் சரியான ஒலி இருக்கிறது. இருக்கிறது என்று எப்படித் தெரியும்? திருகு வழவழவென்று சுற்றினால் நிச்சயம் இருக்கும். ஒவ்வொரு பல்லாகத் தாவும் திருகாக இருந்தால்? நான்கில் கேட்காது, ஐந்தில் இரைச்சல் என்று ஆகிவிடலாம். நான்கரை என்ற இடமே இல்லாமல் போகலாம்.

சந்தை விலையும் இப்படித்தான். விலை மிகக் குறைவாக இருந்தால் வாங்குபவர் அதிகம், சரக்கு போதாது. மிக அதிகமாக இருந்தால் சரக்கு தேங்கும். நடுவில் எங்கோ இரண்டும் சமமாகும் விலை உண்டு. அந்த விலையைக் கண்டுபிடி என்பது 'காண்க'. அப்படி ஒரு விலை இருந்தே தீருமா, திருகு தாவாது என்று எதை வைத்துச் சொல்கிறாய் என்பது 'நிறுவுக'. ஒரு பொருளுக்கு இது எளிது. அரிசி விலை மாறினால் கோதுமை விலை மாறும், கோதுமை மாறினால் கூலி மாறும் என்று ஆயிரம் திருகுகள் ஒன்றையொன்று சுழற்றும்போது, எல்லாம் ஒரே நேரத்தில் சரியாக நிற்கும் ஓர் இடம் உண்டா? கென்னத் ஆரோவும் ஜெரார் டெப்ரூவும் 1954-இல், இன்னின்ன நிபந்தனைகள் இருந்தால் உண்டு என்று நிறுவினார்கள். அதற்கு அவர்கள் கையில் எடுத்தது, எல்லாவற்றையும் நகர்த்தினாலும் சில நிபந்தனைகளில் ஒரு புள்ளியாவது நகராமல் நிற்கும் என்று சொல்லும் நிலைப்புள்ளித் தேற்றம், சுத்தமான கணிதச் சரக்கு. டெப்ரூ கணிதம் படித்துவிட்டுப் பொருளாதாரத்துக்கு வந்தவர். பின்னால் இருவருக்குமே பொருளாதார நோபல் கிடைத்தது, ஆரோவுக்கு 1972-இல், டெப்ரூவுக்கு 1983-இல்.

இதைச் சொன்னால் எதிர்க்கட்சியும் பேச வேண்டும். ஆல்ஃபிரட் மார்ஷல் 1865-இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றவர். பொருளாதாரப் பேராசிரியராகி, 1906-இல் ஒரு கடிதத்தில் எழுதினார்: கணிதத்தைச் சுருக்கெழுத்தாகப் பயன்படுத்து, பிறகு அதைப் பேச்சு மொழிக்கு மாற்று, வாழ்க்கையிலிருந்து உதாரணம் கொடு, பிறகு கணிதத்தை எரித்துவிடு. நான் இதை மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் கடைசி வரிசையில் கைதட்டல் எழும். இரண்டாம் இடம் வாங்கிவிட்டு எரியுங்கள் என்பேன், அடங்கிவிடும்.

அந்த மாணவியிடம் வினாத்தாள் கதையைத்தான் சொல்லி அனுப்பினேன். பத்து நாள் கழித்து இருவரும் வந்தார்கள். பேர்பெற்ற இடத்தின் தாளில் எட்டுக் கேள்வி, எட்டும் 'காண்க'. மற்றதில் ஆறு கேள்வி, நான்கு 'நிறுவுக'. அதில் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருக்கிறாள். "முடித்தாயா?" என்றேன். இல்லையாம். அப்பாதான் சொன்னார்: "சாப்பிடக் கூப்பிட்டேன் சார். வருகிறேன் வருகிறேன் என்றாள். வரவே இல்லை."

அட்டவணையில் இதற்கு வரி இல்லை.

எல்லோரும் 'நிறுவுக' பக்கம் போக வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். என்னிடம் வந்த ஒரு பையன் நேர்மாறாக முடிவெடுத்தான். சரியாகத்தான் எடுத்தான். அவனுக்குத் தரவுகளோடு வேலை செய்ய ஆசை, காப்பீடு, வங்கி, கொள்கை ஆய்வு என்று. அவனுக்குப் புள்ளியியலும், பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியலால் அளக்கும் பொருளாதார அளவையியலும், கணினி நிரல் எழுதுவதும் அதிகம் உள்ள இடம்தான் பொருத்தம். பொருளாதாரத்தில் முனைவர் பட்டம்வரை போக நினைப்பவருக்கு, வழவழவென்று சுற்றும் திருகுகளின் கணிதமான மெய்ப் பகுப்பாய்வு, நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு ஆகிய மூன்றும் நிறுவல்களோடு வேண்டும். எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவர், முதல் ஆண்டு முடிவில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற அனுமதிக்கும் இடத்தைப் பார்க்கலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமாம். கட்டணம், விடுதி, உதவித்தொகை பற்றியெல்லாம் குறிப்பு எழுதி வந்திருந்தேன். விரைவாகச் சொல்லிவிடுகிறேன்.

உதவித்தொகை முதல் ஆண்டுக்கு மட்டுமா, முழுப் படிப்புக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். விருப்பப் பாடங்களின் பட்டியல் நீளமாக இருக்கும். போன ஆண்டு அவற்றில் எவை நடந்தன என்று கேளுங்கள். போதிய மாணவர் சேராவிட்டால் பாடம் நடக்காது. இரண்டு துறை சேர்ந்து நடத்தும் படிப்பில் வகுப்பு நேரங்கள் மோதும். நீங்கள் இரண்டு துறைக்கும் சொந்தம், ஆனால் 'எங்கள் பிள்ளை எங்கே' என்று எந்தத் துறையும் தேடாது. இதை யார் கவனிக்கிறார்கள் என்று கேளுங்கள். கடிதத்தில் 'இவ்வளவு மதிப்பெண் வாங்கினால்தான் இடம்' என்ற நிபந்தனை இருந்தால் இரண்டையும் அந்தக் கண்ணோடும் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. 1962-இல் டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரண்டு கணித அறிஞர்கள் கல்லூரிச் சேர்க்கையையே ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தார்கள். அதற்குத்தான் ஒரு முழு உரை தயாரித்தேன், நேரமில்லை. அந்தக் கணக்கைக் கல்லூரிகள் இடம் தருவதிலிருந்து தொடங்கிப் போட்டால், ஒருவர் வேண்டாம் என்றவுடன் அந்த இடம் அடுத்தவருக்கு நகரும். ஷேப்லிக்கு 2012-இல் நோபல் கிடைத்தது. கேல் அதற்குள் காலமாகியிருந்தார்.

அந்த மாணவி இரண்டாவது இடத்தை எடுத்தாள். பேர்பெற்ற பல்கலைக்கழகத்துக்கு மறுப்புக் கடிதத்தை அன்றே எழுதப் போவதாகச் சொன்னாள். "கடைசித் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே, அதுவரை கையில் வைத்திரு" என்றார் அப்பா.

"யாராவது காத்திருப்பார்கள், அப்பா" என்றாள்.

விளக்கு சிவந்துவிட்டது. வணக்கம்.