ஊருக்குப் போகும் இரு நர்ஸுகள்: மும்பைத் தமிழர்கள் ஒரு படத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?

(திரை: இரவு நேர தாதர் சந்தை. பூக்கூடைகள், கைவண்டிகள், பின்னணியில் லோக்கல் ரயிலின் ஓசை.)

வணக்கம். பாயல் கபாடியா இயக்கிய 'ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்' படத்தைப் பற்றி மும்பையில் வாழும் தமிழர்களிடம் பேச்செடுத்தால், ஏறத்தாழ எல்லாரும் முதலில் சொல்வது ஒரே குறையைத்தான்: படத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. மாட்டுங்காவில் பணி ஓய்வு பெற்ற வங்கி ஊழியரும் அதைச் சொல்கிறார், டோம்பிவிலியிலிருந்து தினமும் லோக்கலில் தொங்கிக்கொண்டு வரும் இளைஞரும் அதைச் சொல்கிறார். ஆனால் செம்பூரில் நர்ஸாக வேலை பார்க்கும் நாகர்கோவில் பெண் ஒருவரிடம் கேட்டபோது, அந்தப் படத்தில் தனக்கு மூச்சுவிடவே நேரம் கிடைக்கவில்லை என்றார். ஒரே படம் ஒருவருக்கு நகராமலும் இன்னொருவருக்கு நிற்காமலும் இருக்கிறது என்றால், இருவரும் அதில் வெவ்வேறு இடங்களைப் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். அந்த இடங்கள் எவை என்பதையே இந்தக் காணொளியில் விளக்க முயல்கிறேன். கதையின் கடைசிக் காட்சி வரை பேசப் போவதால், பார்க்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 மே மாதம் கான் திரைப்பட விழாவின் முதன்மைப் போட்டிப் பிரிவில் இப்படம் திரையிடப்பட்டது. 1994-இல் ஷாஜி என். கருணின் 'ஸ்வஹம்' போட்டியிட்ட பிறகு முப்பது ஆண்டுகளாக எந்த இந்தியப் படமும் அந்தப் பிரிவுக்குள் நுழைந்திருக்கவில்லை. நுழைந்த இந்தப் படம் விழாவின் இரண்டாவது உயரிய விருதான கிராண்ட் ப்ரியைப் பெற்றது. கேரளத்தில் 'பிரபயாய் நினச்சதெல்லாம்' என்ற பெயரில் செப்டம்பரிலும், நாட்டின் பிற பகுதிகளில் நவம்பர் 22 அன்றும் திரைக்கு வந்தது. விருதுச் செய்தியைப் படித்துவிட்டுப் போனவர்கள் திரையில் ஏதோ ஒரு பெரிய சம்பவத்துக்காகக் காத்திருந்தார்கள் என்பது அவர்களுடைய ஏமாற்றத்தில் பாதியை விளக்கிவிடும். மீதிப் பாதியைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

(திரை: மழை நீர் வடியும் ஜன்னல், நீல நிறத் தார்ப்பாய் போர்த்திய கட்டடங்கள்.)

பிரபாவும் அனுவும் மும்பை மருத்துவமனை ஒன்றில் வேலை செய்யும் மலையாளி நர்ஸுகள். ஒரே சிறிய வீட்டில் வாடகையைப் பகிர்ந்துகொண்டு வாழ்கிறார்கள். மூத்தவளான பிரபாவாகக் கனி குஸ்ருதி நடித்திருக்கிறார். அவளுடைய கணவன் திருமணமான சிறிது காலத்திலேயே ஜெர்மனிக்குப் போனவன். ஒரு வருடத்துக்கு மேலாக அவனிடமிருந்து அழைப்பு இல்லை. திவ்ய பிரபா நடித்திருக்கும் அனு, ஷியாஸ் என்ற முஸ்லிம் இளைஞனைக் காதலிக்கிறாள். இருவரும் தனியாக இருக்க ஓர் இடம் இந்த மாநகரத்தில் கிடைக்கவில்லை. அதே மருத்துவமனையில் சமையல் வேலை செய்யும் பார்வதியாக சாயா கதம் வருகிறார். இருந்த வீட்டை இழந்து பார்வதி ரத்னகிரிப் பக்கமுள்ள தன் கிராமத்துக்குத் திரும்பும்போது, மற்ற இருவரும் துணைக்குப் போகிறார்கள்.

இதைத்தான் பலர் "இரண்டு பெண்கள் கடற்கரைக்குப் பயணம் போகும் படம்" என்று சுருக்குகிறார்கள். அப்படிச் சுருக்கிவிட்டால் முதல் பாதி முழுவதும் வெறும் முன்னுரையாகத் தெரியும்; இடைவேளை வரை எதற்காக மழையையும் ரயிலையும் காட்டிக்கொண்டிருந்தார்கள் என்ற கோபமும் நியாயமாகவே தோன்றும். ஆனால் இந்தப் பயணம் உல்லாசத்துக்காகவோ விடுதலையைத் தேடியோ கிளம்பியதன்று. வீட்டைக் காலிசெய்த ஒரு பெண்ணின் மூட்டை முடிச்சுகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் போன பயணம். என் கணிப்பில் இந்தப் படத்தைப் பற்றிய கருத்துகளில் அதிகம் தவறவிடப்பட்ட விஷயம் இதுதான்.

பார்வதி குடியிருப்பது லோயர் பரேல் பக்கம், பழைய மில் பகுதியில். அங்கே பல ஆண்டுகள் வாழ்ந்தும் அந்த வீடு தன்னுடையது என்று காட்ட அவரிடம் ஒரு தாள்கூட இல்லை. இறந்துபோன கணவர் எந்த ஆவணத்தையும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போகவில்லை. அந்த இடத்தில் கட்டப்படவிருக்கும் அடுக்குமாடியின் விளம்பரப் பலகை மீது பிரபாவும் பார்வதியும் இரவில் கல்லெறிந்துவிட்டுச் சிரித்துக்கொண்டு ஓடுகிறார்கள். ஒரு நிமிடம்கூட நீடிக்காத அந்தக் காட்சிக்குப் பின்னால் மும்பையின் நீண்ட வரலாறு இருக்கிறது. கொங்கண் கரையிலிருந்து, குறிப்பாக ரத்னகிரியிலிருந்து, தலைமுறை தலைமுறையாக ஆட்கள் வந்துதான் இந்த நகரத்தின் துணி ஆலைகள் ஓடின. 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதற்குப் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, அந்த நிலங்களில் வணிக வளாகங்களும் வானளாவிய குடியிருப்புகளும் எழுந்தன. ஆலைக்காக ரத்னகிரியிலிருந்து வந்த தலைமுறையின் கடைசி ஆள் அதே ரத்னகிரிக்குத் திரும்புவதைத்தான் இந்தப் படம் "பயணம்" என்று நமக்குக் காட்டுகிறது.

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் இருக்கும் தமிழர்கள் இந்தப் பகுதியைப் பற்றிப் பேசும்போது குரல் மாறிவிடுவதைக் கவனித்திருக்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தாராவி மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தாராவிக்குள்ளேயே இலவச வீடு கிடைக்க வேண்டுமானால், 2000 ஜனவரி 1-க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததற்கான ஆதாரம் வேண்டும். பழைய ரேஷன் கார்டையும் மின்கட்டண ரசீதையும் தேடித் தகரப்பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்த எவருக்கும், வழக்கறிஞரின் முன் பார்வதி உட்கார்ந்திருக்கும் காட்சி மெதுவாக நகர்வதாகத் தோன்ற வாய்ப்பில்லை. பதினோரு மாத வாடகை ஒப்பந்தங்களில் வீடு மாறி மாறி வாழ்பவர்களுக்கும் அந்தப் பதற்றம் ஓரளவு தெரியும். சொந்த வீட்டில் இரண்டு தலைமுறையாக இருப்பவர்களுக்கு அது ஒரு துணைக்கதையாகவே படுகிறது. பார்ப்பவரின் ரசனையைவிட அவருடைய முகவரிதான் சில நேரங்களில் அவர் கருத்தைத் தீர்மானிக்கிறது என்று சொன்னால் சிலர் கோபிப்பார்கள், இருந்தாலும் சொல்கிறேன்.

(திரை: சமையலறைத் தரை. மங்கிய விளக்கு. சிவப்பு நிற ரைஸ் குக்கர் ஒன்று.)

அடுத்ததாக எல்லாரும் பேசுவது அந்த ரைஸ் குக்கரைப் பற்றி. அனுப்பியவர் பெயர் இல்லாமல் ஒரு பொட்டலம் வருகிறது. உள்ளே ஜெர்மனியில் தயாரான ஒரு குக்கர். கடிதம் இல்லை, பிறகு ஒரு தொலைபேசி அழைப்பும் இல்லை. ஓர் இரவு பிரபா அதைச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அணைத்துக்கொள்கிறாள். இந்தக் காட்சியில் அரங்கில் சிலர் சிரித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். சிரித்ததில் தவறு இருப்பதாக எனக்குப் படவில்லை. அது வேடிக்கையான காட்சியும்தான். பாசமும் கோபமும் வெட்கமும் சேர்ந்து வரும்போது மனிதர்கள் செய்கிற காரியம் வெளியிலிருந்து பார்க்க அபத்தமாகவே இருக்கும். கனி குஸ்ருதி அந்த இடத்தில் அழவில்லை, முகத்தைக் கேமராவுக்குக் காட்டவும் முயலவில்லை. வெளிநாட்டில் இருக்கும் கணவனின் மௌனத்தைப் பற்றி ஒரு பக்க வசனம் எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் "ஒன்றுமே நடக்கவில்லை" என்றவர்களில் பாதிப் பேர் திருப்தி அடைந்திருப்பார்கள், படமும் பாதியாகச் சுருங்கியிருக்கும்.

இனி அதிகம் சண்டை நடக்கும் இடத்துக்கு வருகிறேன். ரத்னகிரிக் கடற்கரையில் மூழ்கிய ஒரு மனிதனை மீனவர்கள் கரைசேர்க்கிறார்கள். பிரபா முதலுதவி செய்து அவனுக்கு உயிர்கொடுக்கிறாள். ஊர்க் கிழவி ஒருவர் அவளை அவன் மனைவி என்றே நினைத்துக்கொள்கிறார். அன்றிரவு ஒரு குடிசையின் அரையிருளில் அந்த மனிதன் பிரபாவிடம் கணவனைப் போலவே பேசுகிறான்: தான் வேலை செய்த தொழிற்சாலையில் பகலும் இரவும் தெரியாத இருட்டு என்றும், அங்கே வெளிச்சத்தைக் கற்பனை செய்ய வேண்டியிருந்தது என்றும் சொல்கிறான். படத்தின் பெயரே அங்கிருந்துதான் வருகிறது. அவன் உண்மையில் கணவனா, வேறு யாரோவா, அல்லது முழுவதும் பிரபாவின் கற்பனையா?

"இயக்குநருக்கே தெரியவில்லை, அதனால் நம் தலையில் கட்டிவிட்டார்" என்பது ஒரு தரப்பு. இதை நான் ஏற்கவில்லை. முதல் பாதியில் ஒரு முதிய பெண் நோயாளி, இறந்துபோன தன் கணவன் கண்முன் வருவதாகப் பிரபாவிடம் சொல்கிறார். மருத்துவமனைகளில் அன்றாடம் கேட்கக்கூடிய பிதற்றல் என்று நாம் அதைக் கடந்துவிடுகிறோம். கடற்கரைக் குடிசையில் பிரபாவுக்கு நேர்வது அதே விஷயம்தான்; இல்லாத கணவன் அவள் முன்னும் வந்து நிற்கிறான். எனவே இந்தத் திருப்பம் எங்கிருந்தோ வந்து குதித்ததன்று, விதை முன்பே ஊன்றப்பட்டிருக்கிறது. அவன் யார் என்ற கேள்வியைவிட, பிரபா அவனுக்கு என்ன பதில் சொல்கிறாள் என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். இனி அவனைப் பார்க்க விரும்பவில்லை என்கிறாள். ஜெர்மனியிலிருந்து வராத அழைப்புக்கு இத்தனை நாள் சொல்ல முடியாத பதில் அது. அதைச் சொல்வதற்கு அவளுக்கு எதிரே ஒரு முகம் தேவைப்பட்டது. அந்த முகம் யாருடையது என்பதைப் படம் முடிவு செய்யாமல் விட்டதில் எனக்குக் குறையில்லை.

மொழி குறித்த கருத்துகள் மும்பைத் தமிழர்களிடம் மட்டும் கேட்கக் கிடைப்பவை. படத்தில் மலையாளமும் இந்தியும் மராத்தியும் கலந்து ஒலிக்கின்றன. மலையாளம் நமக்கு முக்கால்வாசி புரிவதால், எழுத்தில் ஓடும் மொழிபெயர்ப்பைப் பார்க்காமலேயே பல இடங்களைக் கடக்க முடிகிறது. அஸீஸ் நெடுமங்காடு நடித்த மருத்துவர் மனோஜுக்கு இந்தி வசப்படவே இல்லை. வாய்க்குள் வாக்கியத்தைக் கோர்த்துப் பார்த்துவிட்டுப் பேசும் அவருடைய தயக்கத்தை, இந்த நகரத்துக்கு வந்த முதல் வருடத்தில் காய்கறிக்காரரிடம் விரலால் காட்டி வாங்கிய ஒவ்வொரு தமிழரும் அடையாளம் கண்டுகொள்வார். மலையாள உரையாடல் சில இடங்களில் எழுதிப் படித்ததைப் போல இருக்கிறது என்று மலையாளிகள் சிலர் குறைசொல்கிறார்கள். என் காதுக்கு அது உறுத்தவில்லை; ஆனால் அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தகுதி தமிழ்க் காதுக்குக் கிடையாது.

படத்தின் தொடக்கத்தில் முகம் காட்டாமல் ஒலிக்கும் குரல்களைப் பற்றி யாருமே பேசுவதில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. பல மொழிகளில், எங்கிருந்தோ வந்தவர்கள், இந்த நகரத்தைப் பற்றி ஓரிரு வரிகள் சொல்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் இங்கே வாழ்ந்தும் இதை வீடு என்று அழைக்கப் பயமாக இருக்கிறது என்று ஒரு குரல் சொல்கிறது. பாயல் கபாடியாவின் முந்தைய படம் ஆவணப்படம். 2021-இல் கானில் சிறந்த ஆவணப்படத்துக்கான விருதைப் பெற்றது. அந்தப் பயிற்சிதான் இந்தத் தொடக்கத்தில் வேலை செய்கிறது. பார்வதிக்கு நடக்கப் போவதை அந்தக் குரல் முதல் சில நிமிடங்களிலேயே சொல்லிவிடுகிறது, நாம்தான் அதை வெறும் சூழல் ஒலியாக எடுத்துக்கொள்கிறோம்.

(திரை: செம்மண் பாதை, வெயில், கடல்.)

"இது நம் படமே இல்லை, வெளிநாட்டு விழாக்களுக்காக எடுத்தது" என்ற விமர்சனமும் உண்டு. ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பும் படத்தை இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பின் குழு தேர்ந்தெடுத்தபோது, இது இந்தியாவில் நடக்கும் ஐரோப்பியப் படத்தைப் போல இருந்ததாகக் குழுவினர் கருதினர் என்று செய்திகள் வெளிவந்தன. அனுப்பப்பட்டது 'லாபதா லேடீஸ்'. அதுவும் ரயில் பயணத்தில் வழிமாறிப் போகும் இரண்டு பெண்களின் கதை என்பதும், அதிலும் ரயில் நிலையக் கடைக்காரப் பெண்ணாகச் சாயா கதமே நடித்திருக்கிறார் என்பதும் ரசமான தற்செயல். பிரான்ஸ் உள்ளிட்ட நாடுகளின் பணம் இந்தப் படத்தில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை எல்லாக் கட்டடங்களும் நீலத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கும் மும்பையை ரணபீர் தாஸின் ஒளிப்பதிவில் பார்த்த பிறகும் இதை ஐரோப்பா என்பவர், மழைக்காலத்தில் பரேல் பாலத்தில் நடந்தவராக இருக்க முடியாது. ஒரு சிறு துண்டுக் காட்சியைப் பிரித்தெடுத்து இணையத்தில் பரப்பியவர்களின் கருத்தை நான் விமர்சனமாகக் கணக்கில் எடுக்கவில்லை.

மாறாக, செம்பூர் நர்ஸ் முன்வைத்த ஒரு குறையை என்னால் எளிதாகத் தள்ள முடியவில்லை. கடைசிக் காட்சியில் வண்ண விளக்குகள் எரியும் கடற்கரைக் கடையில் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்பு அனுவின் நடத்தையைக் கடுமையாகப் பேசிய பிரபாவே இப்போது ஷியாஸை அழைத்துவரச் சொல்கிறாள். பிரபாவின் கதைக்கு ஒரு முடிவு கிடைக்கிறது, அனுவின் காதலுக்கு ஓர் ஒப்புதல் கிடைக்கிறது. பார்வதிக்கு? ஊருக்கு வந்த பிறகு அவர் எதைக் கொண்டு பிழைக்கப் போகிறார், மும்பையில் இழந்த வீட்டைப் பற்றி அவருக்குள் என்ன மிச்சமிருக்கிறது என்பவற்றில் படம் அதிக நேரம் தங்கவில்லை. மற்ற இருவரின் மாற்றத்துக்கு இடம்கொடுக்கும் உபசரிப்பாளராக அவர் ஒதுங்கிவிடுகிறார். சாயா கதமின் குடியும் ஆட்டமும் கலந்த அந்தக் காட்சி எவ்வளவு உயிரோட்டமாக இருந்தாலும், அது இந்தக் கேள்விக்குப் பதிலாகாது. பயணத்துக்குக் காரணமாக இருந்தவரே பயணத்தின் முடிவில் பின்வரிசைக்குப் போய்விடுகிறார் என்ற இந்தக் குறையை, "மெதுவான படம்" என்ற குறையைப் போல விளக்கம் சொல்லிச் சமாளிக்க எனக்கு வழி தெரியவில்லை. இதைப் பற்றி உங்களுக்கு வேறு எண்ணம் இருந்தால், பார்வதி வரும் காட்சிகளை மட்டும் இன்னொரு முறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.