மின்சாரம் இருக்கும்போதே மெயினை அணையுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கோடை விழாவுக்கு ஏற்காடு போனவர்கள் எடுத்த படங்கள் இணையத்தில் எங்கோ சேமிக்கப்படுகின்றன அல்லவா? அந்த 'எங்கோ' பெரும்பாலும் ஒரே கணினி அல்ல. பல கணினிகள் சேர்ந்து இயங்கும் பரவல் கோப்பு முறைமை. ஹடூப் என்ற மென்பொருளையே பாருங்கள். கோப்பைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் வழக்கமாக 3 கணினிகளில் வைக்கும். ஒவ்வொரு கணினியும் 3 விநாடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று தலைமைக் கணினிக்குச் சொல்ல வேண்டும். பத்தரை நிமிடம் பேச்சே இல்லையென்றால் அது போய்விட்டதாகக் கணக்கு. அதிலிருந்த துண்டுகளுக்கு வேறிடத்தில் பிரதி எடுக்கப்படும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் பழுதைச் சமாளிக்க எழுதிய நிரல்வரிகள், பழுது வரும்வரை ஓடுவதே இல்லை. என் கவலை அங்கேதான்.

அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம், பெயர் வேண்டாம். தாலி கட்டும் நேரத்தில் மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் உண்டு, டீசலும் உண்டு. கிளப்பும் பேட்டரியில்தான் உயிரில்லை. நாதஸ்வரக்காரர் மட்டும் நிறுத்தவில்லை, அது வேறு கதை. மேலாளரைக் கேட்டால், "வாங்கிய அன்றைக்கே ஓட்டிப் பார்த்தோமே, ஐயா!" என்கிறார். மாதம் ஒருமுறை, மின்சாரம் இருக்கும்போதே மெயினை அணைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

2014-இல் டொரன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹடூப் போன்ற மென்பொருள்களில் பெரும்பாலான பயனர்களைப் பாதித்த 48 பெரும்பழுதுகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் 92 விழுக்காடு, 'இங்கே பிழை' என்று மென்பொருளே வெளிப்படையாகச் சொன்ன பிறகும் அதைச் சரியாகக் கையாளாததால் வந்தவை. சில இடங்களில் பிழையைப் பிடிக்கும் பகுதியில் 'பிறகு செய்ய வேண்டும்' என்ற குறிப்பு மட்டுமே இருந்தது. மறுபடியும் சொல்கிறேன்: குறிப்பு மட்டுமே!

ஆகவே பிழையை நாமே வரவழைக்க வேண்டும். வட்டுக்கும் நிரலுக்கும் நடுவே சிறிய இடைமென்பொருள் ஒன்றை வைத்து, முதல் தடவை எழுதும்போது 'இடமில்லை' என்று சொல்ல வைக்கிறோம். அடுத்த ஓட்டத்தில் இரண்டாம் தடவை, அதற்கடுத்து மூன்றாம் தடவை. மனிதனுக்கு அலுத்துவிடும்; தானியங்கிச் சோதனைக்கு அலுக்காது. ஒவ்வொரு முறையும் கேட்பது இதைத்தான்: பயனரிடம் 'சேமித்தாயிற்று' என்று சொல்லிவிட்டதா? சொல்லியிருந்தால், திரும்பப் படிக்கும்போது அதே தரவு வருகிறதா? நிற்காமல் ஓடியது என்பதற்காகத் தேர்ச்சி போட்டுவிடக் கூடாது.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒரு கணினி விழுந்து, பிரதி எடுத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றும் விழுந்தால்? அதைத்தான் கடைசிக்கு வைத்திருந்தேன். சுருக்கமாக, அதற்கும் தனிச் சோதனை எழுத வேண்டும். தனித்தனியாகத் தேறியது சேர்ந்து வரும்போதும் தேறும் என்று நம்பிவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.