மேடு கட்டி வாழும் எங்கா மலைநாடு

அவையோர்க்கு வணக்கம்.

பப்புவா நியூகினியின் உயர்மலைப் பகுதியில் எங்கா என்றொரு மாகாணம் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஐந்தரைப் பாகைதான். ஆனால் தலைநகரான வாபாக் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கும் மேலே, 2,500 மீட்டரைத் தாண்டியும் மக்கள் குடியிருந்து பயிர் செய்கிறார்கள். லாய், லகைப் ஆறுகள் அறுத்த பள்ளத்தாக்குகளும் எரிமலைச் சாம்பல் படிந்த கருமண்ணும்தான் அவர்களுடைய நிலம். எண்ணூறுக்கு மேற்பட்ட மொழிகள் வழங்கும் அந்த நாட்டில் மிகுதியானோர் பேசும் உள்ளூர்த் தாய்மொழி எங்காதான். மேற்கே பொர்கெரா பக்கம் இப்பிலி மொழிக்காரர்கள் வாழ்கிறார்கள்.

இவர்களின் சோறு சர்க்கரைவள்ளிக் கிழங்கு. தென்னமெரிக்காவில் பிறந்த இந்தக் கொடி அங்கே வந்து ஏறத்தாழ 300 ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் சேப்பங்கிழங்குதான் முதன்மை. குளிரும் மெலிந்த மண்ணும் சேம்புக்கு ஆகாது, வள்ளி தாங்கும். அது வந்த பிறகுதான் உயர்ந்த பள்ளத்தாக்குகளில் மக்கள்தொகையும் பன்றிகளும் பெருகின. நம் ஊரில் பார் பிடித்து நட்டால் நான்கு மாதத்தில் கிழங்கு தோண்டிவிடுகிறோம். அங்கே 2,000 மீட்டரில் ஏழெட்டு மாதம் ஆகும். இன்னும் மேலே போனால் ஓராண்டை நெருங்கும்.

அவர்கள் பார் பிடிப்பதில்லை, வட்டமாக மேடு கட்டுகிறார்கள். மேட்டின் குறுக்களவு மூன்று மீட்டருக்கு மேல், உயரம் முக்கால் மீட்டர் வரை. அறுவடை முடிந்த பழைய மேட்டின் நடுவைப் பிளந்து மண்ணைச் சுற்றிலும் ஒதுக்குவார்கள். குழிவில் பழைய கொடி, களை, புல் எல்லாவற்றையும் போட்டு மக்க விடுவார்கள். ஒரு மேட்டுக்குச் சுமார் 20 கிலோ தழை. அது பதமாக மக்கியதும் ஒதுக்கிய மண்ணை மூடி, மேலே பொடிமண் பரப்பி, கொடித் துண்டுகளை நடுவார்கள். நடுவதும் தோண்டுவதும் பெரும்பாலும் பெண்கள் கைவேலை. முற்றிய கிழங்கை மட்டும் விரலால் துழாவி எடுத்துவிட்டு மண்ணை மூடிவிடுவார்கள். சிறியவை மேலும் பருக்கும். மண்தான் களஞ்சியம். பொடிக்கிழங்கு பன்றிக்குப் போகும்.

தழை மக்கும்போது மண்ணில் சற்றுச் சூடேறும். குளிர்ந்த காற்று கனமானது, தாழ்விடம் தேடி வழிந்து தேங்கும். கொடி மேட்டு உச்சியில் இருந்தால் அந்தக் குளிர் குட்டைக்கு மேலே நிற்கும். உதகையில் மேடு தப்பிப் பள்ளத்துப் பயிர் மட்டும் கருகுவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஆனால் மேட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில், மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும்போது, இரவுக்கு இரவு உறைபனி விழும். 1972, 1997, 2015 ஆண்டுகள் அப்படிப்பட்டவை. ஒருமுறை கருகினால் கொடி மீண்டும் துளிர்க்கும். தொடர்ந்து விழுந்தால் கொடி செத்து, மண்ணுக்குள் கிழங்கும் அழுகும். கிழங்கு போனதைவிட நடுவதற்குக் கொடி இல்லாமல் போவதுதான் பெரிய இழப்பு.

மிகுமழையும் பஞ்சம் தரும், ஆனால் காலம் தாழ்த்தித் தரும். நட்ட முதல் ஓரிரு மாதத்தில் வேர் கிழங்காகத் திரள வேண்டும். அப்போது மண் ஊறிக் கிடந்தால் கொடி தழைக்கும், கிழங்கு திரளாது. பற்றாக்குறை தெரிவது பல மாதம் கழித்து, வெயில் நன்றாக அடிக்கும்போது. வெளியாள் அந்த வெயிலைத்தான் குறை சொல்வார்!

சரி, பனி விழுந்தால் என்ன செய்தார்கள்? கீழ்ப் பள்ளத்தாக்கில் இருக்கும் உறவினரிடம் பன்றிகளோடு இறங்கிப் போனார்கள். மேலூர்ப் பெண்ணைக் கீழூரில் கொடுத்திருப்பார்கள், அங்கிருந்து எடுத்தும் இருப்பார்கள். ‘டீ’ என்னும் பன்றிப் பரிமாற்றத்தில் கைமாறிய பன்றிகளும் அதே உறவை உறுதியாக்கின. கொடுத்தவர் பின்னொரு சுற்றில் பெறுவார். சங்கிலி பல பள்ளத்தாக்குகளைக் கடந்து போய், திசை மாறித் திரும்பும். இதைத் தலைவர்களின் பெருமைக் கூத்து என்று மட்டும் சொல்வது அநியாயம். பனிக்காலத்தில் யார் வீட்டில் போய் இறங்கலாம் என்ற கணக்கும் அதற்குள் இருந்தது.

1972 பனிக்குப் பிறகு அரசின் நிவாரண உணவு மேலூர்களுக்கே வந்தது. பசித்தவருக்கு உணவு சென்றது சரி. ஆனால் அரிசி மூட்டை மட்டும் போதாது என்பது என் கருத்து. அதே வண்டியில் பனி படாத தோட்டங்களின் கொடிக்கட்டும் வர வேண்டும், அதுவும் ஒத்த உயரத்தில் விளைந்த கொடி. வெறும் மேட்டில் நட்ட நாளிலிருந்து எண்ணினால், அடுத்த கிழங்கு வாய்க்கு வர எட்டு மாதத்துக்குக் குறையாது. நிவாரணத்தின் நாள் கணக்கும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.