ஹாரி பாட்டர் கண்ட தந்தை

நேயர்களுக்கு வணக்கம்.

ஜே. கே. ரௌலிங்கின் ஹாரி பாட்டர் வரிசையில் முதல் நூல் 1997 ஜூன் மாதம் லண்டனில் வெளிவந்தபோது, மந்திரம் கற்கும் சிறுவர்களைப் பற்றிய, சிரிப்பும் சாகசமும் கலந்த ஒரு பள்ளிக்கூடக் கதையாகவே பலரும் அதை வாசித்தார்கள். பத்தாண்டு கழித்து, 2007 ஜூலையில் வந்த ஏழாம் நூலில், முன்பு பதினொரு வயதுச் சிறுவனாக இருந்த ஹாரி பதினேழு வயது இளைஞனாகித் தன் சாவைத் தேடித் தானே நடந்து போகிறான். இடையில், நான்காம் நூலில், செட்ரிக் என்ற மாணவன் ஒரு கல்லறைத் தோட்டத்தில், அங்கே வந்து நின்றான் என்பதைத் தவிர வேறு குற்றம் இல்லாமல், நொடியில் கொல்லப்படுகிறான்.

கதை போகப் போக இருண்டுவிட்டது என்று சொல்வது வழக்கம். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. முதல் நூலின் முதல் அத்தியாயமே ஹாரியின் பெற்றோர் கொலையுண்ட மறுநாள்தான் தொடங்குகிறது. ஆகவே இருள் அங்கேயே இருக்கிறது, அதைக் காணும் வயதுதான் ஹாரிக்கு வர வேண்டியிருக்கிறது. பள்ளியின் வண்டிகளைத் தாமாகவே ஓடுபவை என்று நம்பியிருந்தவன், செட்ரிக்கின் சாவைக் கண்ட பிறகு, ஐந்தாம் ஆண்டின் தொடக்கத்தில், அவற்றை இழுக்கும் எலும்பும் தோலுமான சிறகுக் குதிரைகளைப் பார்க்கிறான். மரணத்தை நேரில் கண்டவர்களுக்கு மட்டுமே தெரியும் அந்தக் குதிரைகள் அதுவரையிலும் அங்கேதான் இருந்தன.

ஆயினும், இந்த வளர்ச்சியைக் குதிரைகளைவிடத் தெளிவாகக் காட்டுவது ஹாரி தன் தந்தையைக் காணும் விதம் என்பேன். பதினொரு வயதில், மனத்தின் ஆழ்ந்த விருப்பத்தைக் காட்டும் கண்ணாடியில் அவன் காண்பது சிரித்துக்கொண்டே அழும் தாயையும், அவளை அணைத்து நிற்கும் தந்தையையும். தன்னுடையதைப் போலவே படியாமல் நிற்கும் தந்தையின் பின்தலை முடிகூட அவனுக்குத் தெரிகிறது. பதின்மூன்று வயதில், ஏரியின் அக்கரையிலிருந்து ஒரு மந்திரத்தை ஏவித் தன்னைக் காப்பாற்றியவர் தந்தைதான் என்று நம்பி, காலத்தில் பின்னோக்கிச் சென்று புதர் மறைவில் காத்திருக்கிறான். யாரும் வரவில்லை, அந்த மந்திரத்தை ஏவ வேண்டியவன் தானே என்பது கடைசி நேரத்தில்தான் விளங்குகிறது.

பிறகு ஐந்தாம் நூல் வருகிறது. பிரிட்டிஷ் பதிப்பில் 766 பக்கம். ஹாரியின் ஓயாத கோபமும் கூச்சலும் வாசகரைக் களைப்படையச் செய்வதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதில் ஓர் அத்தியாயம் முழு வரிசையையும் தூக்கி நிறுத்துகிறது. நினைவுகளைச் சேமித்து வைக்கும் கல் தொட்டிக்குள் எட்டிப் பார்க்கும் ஹாரி, தேர்வு முடிந்த ஒரு பிற்பகலில், பதினைந்து வயதுத் தந்தை வெறும் பொழுதுபோக்குக்காகச் சக மாணவன் ஸ்னேப்பைத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பலர் முன்னிலையில் அவமானப்படுத்துவதைக் காண்கிறான். அவருக்கு அப்போது பதினைந்து வயதுதானே என்று தந்தையின் நண்பர் சமாதானம் சொல்ல, தனக்கும் இப்போது பதினைந்துதான் என்று ஹாரி சீறுகிறான். அந்தப் பதிலுக்கு அவரிடம் நல்ல மறுமொழி எதுவும் இல்லை. கொலையும் போரும் நிறைந்த இத்தொடரில், என் கணிப்பில், மிக இருண்ட இடம் இதுவே. திரைப்படத்தில் இந்தக் காட்சியைச் சில நொடிகளுக்குள் சுருக்கி விட்டார்கள்; நிறத்தையும் ஒளியையும் குறைத்துப் படங்களில் கொண்டுவந்த இருட்டு இதற்கு ஈடாகவில்லை.

ஏழாம் நூலில், சாவை நோக்கிப் போகும் வழியில், மாயக்கல்லின் ஆற்றலால் தந்தை மீண்டும் தோன்றுகிறார். தலைமுடி கலைந்திருக்கிறது, மூக்குக்கண்ணாடி சற்றே கோணலாக இருக்கிறது, உயரம் ஹாரியின் உயரமேதான். இறந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று என்பதை நினைத்துப் பார்த்தால், காட்டுக்குள் சேர்ந்து நடப்பவர்கள் ஏறக்குறைய ஒரே வயதினர்.

பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் நிகழும் முடிவுரையைத் தித்திப்பு மிகுந்தது என்று பலர் குறை சொல்கிறார்கள். அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் ஹாரி தன் மூத்த மகனுக்குத் தந்தையின் பெயரான ஜேம்ஸ் என்பதையும், இளைய மகனுக்கு அந்தத் தந்தை தலைகீழாகத் தொங்கவிட்ட ஸ்னேப்பின் முதற்பெயரான செவரஸ் என்பதை இரண்டாம் பெயராகவும் வைத்திருக்கிறான் என்பதை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை.

நன்றி, வணக்கம்.