நடுகல்லுக்குக் கள் ஊற்றினால் குடிப்பானா?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணித் தலைவி அக்கா அவர்களே, சேலம் குகை மாரியம்மன் ஆடித் திருவிழாவில், மழை வருமோ என்று வானத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே எங்களையும் பொறுத்துக்கொண்டிருக்கிற பெரியோர்களே, வணக்கம்.

மறைந்த கலைஞனுக்கு அவன் நண்பர்கள் செய்யும் பெரிய மரியாதை நினைவுச்சின்னமா, அவன் படைப்பைக் காப்பதா? இதுதான் தலைப்பு. அக்கா கல் பக்கம், நான் தாள் பக்கம். நடுகல் தமிழனின் மரபு என்றார். எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் என்றார். ஏற்காடு சாலையில் பழைய சினிமா ஸ்டுடியோ மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவைப் பாருங்கள் என்றார். கைதட்டலும் வாங்கிவிட்டார். நானும் தட்டினேன், பழக்க தோஷம்.

நடுகல்லுக்கே முதலில் வருகிறேன். நமக்குப் பக்கத்துத் தருமபுரிதான் அந்தக் காலத்துத் தகடூர். அங்கே இருந்த அதியமானும் ஔவையும் கூட்டாளிகள். கொஞ்சம் கள் கிடைத்தால் எனக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நான் பாட அவனும் குடித்து மகிழ்வான் என்று ஔவையே சொல்கிறாள். அவன் போன பிறகு கல் நட்டு, மயில் பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள் ஊற்றுகிறார்கள். பக்கத்தில் நின்ற ஔவை கேட்கிறாள்: 'உகுப்பவும் கொள்வன் கொல்லோ?' மலையோடு சேர்த்து ஒரு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இந்தக் குட்டிக் கலயத்துக் கள்ளையா வாங்கிக்கொள்ளப் போகிறான்? புறநானூற்றில் 232-ஆம் பாட்டு. அதியமான் அரசன்தானே, கலைஞனா என்று அக்கா எழுந்திருக்க வேண்டாம். நடுகல்லை மேடைக்குத் தூக்கி வந்தது நீங்கள். இதுதான் அந்தக் கல் என்று இன்றைக்குக் காட்ட ஆளில்லை. கல்லைப் பார்த்து அவள் கேட்ட கேள்வி மட்டும் இருக்கிறது. யாரோ ஓலையில் எழுதி வைத்தார்கள், அதனால் இருக்கிறது.

மணிமண்டபத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். கல்கி முன்னின்று, சாதாரண ஜனங்கள் கொடுத்த காசில் எழும்பி, 1947-இல் திறந்த மண்டபம் அது. ஆனால் எட்டயபுரம் போகாத நம் வீட்டுப் பிள்ளைகள் வாயில் பாரதி எப்படி வந்தார்? 1949-இல் அரசு அவர் எழுத்துகளின் உரிமையை வாங்கியது, பிறகு அவை எல்லோருக்கும் பொதுவாயின. அதற்கும் முன்னால், பாரதி உயிரோடு இருந்தபோதே, பரலி சு. நெல்லையப்பர் என்று ஒரு தம்பி அவர் பாட்டுகளை அச்சில் ஏற்றினார். புதுமைப்பித்தன் 1948-இல், 42 வயதில் போனார். அவரோடு பழகிய ரகுநாதன், முப்பது வயதுகூட ஆகாத இளைஞர், உட்கார்ந்து அவர் வாழ்க்கையை எழுதி 1951-இல் கொண்டுவந்துவிட்டார்.

மாடர்ன் தியேட்டர்ஸா? டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கியது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 1956-இல் அங்கிருந்துதான் வந்தது. படம் இருப்பதால்தான் அந்த வளைவுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறோம். இல்லையென்றால் அது வாசல் மட்டும் மிச்சமான ஒரு வீடு. அடுத்தது போகலாம்.

ஐயா, மணியை அடித்துவிடாதீர்கள். இனிமேல்தான் என் கதை.

என் கூட்டாளி ஒருவன் போன தை மாதம் போய்விட்டான். பகலில் வெண்பட்டு வேட்டி நெய்வான். ஆடி பிறந்துவிட்டால் வண்டி வேடிக்கைக்கு வேடம் கட்டுவான். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: சாமி வேடம் போட்டவர்கள் அலங்கார வண்டியில் ஏறிக் கோயிலைச் சுற்றி வருவார்களே, அதுதான் வண்டி வேடிக்கை. ஒரு ராத்திரிக் கலை. விடிந்தால் கிரீடம் வெறும் அட்டை.

பத்துத் தலை ராவணனை ஒருத்தன் மணிக்கணக்காகச் சுமந்து நிற்க வேண்டுமே, கழுத்து என்னத்துக்கு ஆகும்? இவன் மூங்கில் சிம்பில் ஒரு சட்டம் கட்டி, ஒன்பது தலையின் பாரத்தையும் இடுப்புக்கு இறக்கிவிட்டான். கிரீடத்துக்குள்ளே பழைய வேட்டித் துணியை வளையமாகச் சுற்றி வைப்பான், நெற்றி வலிக்காது. பின்பக்கம் யாருக்கும் தெரியாத இடத்தில் காற்றுக்கு மூன்று ஓட்டை. எல்லாவற்றையும் வேட்டிக்கரைக்குக் கட்டம் போடுகிற மாதிரியே கட்டம் போட்ட நோட்டில் வரைந்து வைப்பான். ஒரு கட்டம் ஒரு விரற்கடை. அப்படிப் பதினோரு நோட்டு.

அவன் போனதும் நாங்கள் என்ன செய்தோம்? பணம் வசூல் செய்து, ஆளுயர பேனர் வைத்தோம். அவன் பேர் வருகிற இடத்திலெல்லாம் 'கலைச்சுடர்' என்று பட்டம் போட்டோம். உயிரோடு இருந்தபோது அவனை 'டேய் ஜிகினா' என்றுதான் கூப்பிட்டோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டை ஒழித்தபோது, பரண் மேலிருந்த நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் கிலோக் கணக்கில் போட்டுவிட்டார்கள். வீட்டாரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அது கட்டம் போட்ட குப்பை. எனக்குத் தெரியும், அது என்னவென்று. நான் அப்போது தெருமுனையில் பேனருக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். பேப்பர்காரரின் வண்டி என்னைத் தாண்டித்தான் போனது. ஓரமாக நகர்ந்து வழிகூட விட்டேன்.

மாசி மாதக் காற்றில் பேனர் கிழிந்தது. கிழிந்ததை ஒரு அம்மா விறகு நனையாமல் மூட எடுத்துப் போனார். அது ஒன்றுதான் அந்த பேனரால் யாருக்கும் நடந்த நல்லது.

பதினோரு நோட்டில் ஒன்று தப்பித்தது. கிரீடம் செய்து பார்க்க ஒரு பையன் இரவல் வாங்கிப்போய், திருப்பித் தர மறந்திருக்கிறான். இரவல் வாங்கித் தராதவர்களை நான் இனிமேல் திட்டுவதாக இல்லை. இதோ, என் கையில் இருப்பது அந்த நோட்டுதான். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடித்து ஐந்து பேருக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். கடைசியில் நரசிம்மர். தூண் பாதிவரைக்கும் கட்டம் இருக்கிறது, அதற்கு மேல் வெறும் பென்சில் கோடு. தூண் எப்படிப் பிளக்கும் என்பதை அவன் எழுதி வைக்கவில்லை. அந்தப் பையனும் நானும் ஒரு மாதமாக மல்லுக்கட்டி, நேற்று ராத்திரிதான் பிளக்க வைத்தோம். கொஞ்சம் இடது பக்கமாகச் சாய்கிறது.

நடுவர் ஐயா, நாளை மறுநாள் வண்டி வேடிக்கை. தீர்ப்பைச் சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள், இருந்து பார்த்துவிட்டுப் போங்கள். அக்காவும் வர வேண்டும். வணக்கம்.