பாண்டோனியனுக்கு எழுதினால் டாங்கோவாகத்தான் வருமா?

வணக்கம். இன்றைக்கு ஒரு நேயர் அனுப்பிய கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். பாண்டோனியன் என்பது இரண்டு கையாலும் பொத்தான்களை அழுத்தி, துருத்தியை இழுத்து மூடி வாசிக்கும் பெட்டி; அர்ஜென்டினாவின் டாங்கோ நடன இசையோடு சேர்த்தே பலரும் அதைக் கேட்டிருப்பார்கள். "ஸ்ட்ரிங் குவார்டெட்டோடு (இரண்டு வயலின், வயோலா, செல்லோ) பாண்டோனியன் சேர்த்து ஒரு சேம்பர் இசை எழுதிக்கொண்டிருக்கிறேன். எப்படித் தொடங்கினாலும் நாலு பாரில் (தாளச் சுற்றில்) டாங்கோவாகிவிடுகிறது. டாங்கோ இல்லாமல் இந்த வாத்தியத்துக்கு எழுத முடியுமா, இல்லை வாத்தியத்தின் குணமே அதுதானா?" என்று கேட்டிருக்கிறார். கூடவே எட்டு பார் ஸ்கோரும் அனுப்பியிருக்கிறார். அதை நான் நாலைந்து முறை வாசித்துப் பார்த்தேன்.

முடியும். டாங்கோ அந்தப் பெட்டிக்குள் இல்லை. நாம் அதைக் கேட்டுப் பழகிய விதத்தில் இருக்கிறது.

பாண்டோனியன் பிறந்தது புவெனஸ் அயர்ஸில் இல்லை, ஜெர்மனியில். கெம்னிட்ஸ் நகரத்தில் கார்ல் ஃப்ரீட்ரிஷ் ஊலிக் 1834-இல் கான்சர்டினா என்ற சின்னத் துருத்திப் பெட்டி ஒன்றைச் செய்தார். அதைப் பெரிதாக்கி, பொத்தான்களைக் கூட்டி 1840-களில் விற்றவர் க்ரெஃபெல்ட் ஊரின் ஹைன்ரிஷ் பாண்ட். வாத்தியத்தின் பெயர் அவர் பெயரிலிருந்து வந்ததுதான். சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் மன்றம் அமைத்துக் கூடி வாசித்தார்கள். வால்ஸ், போல்கா, பக்திப் பாடல் எல்லாம் அதில் ஒலித்தன. டாங்கோ அதைக் கையில் எடுத்தது பிற்பாடுதான், கிட்டத்தட்ட 1900-ஐ ஒட்டி.

அந்தத் தொழிலாளர்களில் பலருக்கு இசைக் குறியீடு வாசிக்கத் தெரியாது. அதனால் பொத்தானுக்கு எண் போட்டு, துருத்தியைத் திறக்க வேண்டுமா மூட வேண்டுமா என்று ஒரு குறியும் போட்டுத் தாள்கள் அச்சடித்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்குத்தான் திரும்பி வரப்போகிறேன்.

இப்போது பெட்டியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். நமக்குப் பழக்கமான ஆர்மோனியமும் இதுவும் ஒரே ரீடு (காற்றில் அதிரும் உலோக நாக்கு) குடும்பம். ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தினால், துருத்தி எந்தப் பக்கம் போனாலும் அதே ஸ்வரம்தான் வரும். உள்ளே காற்றைச் சேமித்துச் சீராக அனுப்பும் இன்னொரு துருத்தியும் இருக்கும். பாண்டோனியனில் இந்த இரண்டும் கிடையாது. காற்றுக்குக் கிடங்கு இல்லை, கையின் அழுத்தம் நேராக ரீடில் போய் விழுகிறது. அப்புறம், ஒரே பொத்தானுக்குத் திறக்கும்போது ஒரு ஸ்வரம், மூடும்போது பெரும்பாலும் வேறொரு ஸ்வரம்.

டாங்கோக்காரர்கள் வைத்திருக்கும் வகையில் 71 பொத்தான்கள், வலது கைக்கு 38, இடது கைக்கு 33. இரண்டு திசையையும் கணக்கில் எடுத்தால் 142 ஸ்வரம். அந்தப் பொத்தான்கள் வரிசையாகவும் இருக்காது. ஆரம்பத்தில் சின்னதாக இருந்த பெட்டிக்கு ஸ்வரம் போதாமல் போகப்போக ஓரத்தில் ஒட்டிக்கொண்டே வந்தார்கள். வீடு கட்டிய பிறகு ஒவ்வொரு அறையாகப் பின்னால் இழுத்துக் கட்டியதைப் போல. அதனால் வாசிப்பவர் நாலு விசைப்பலகைகளைப் படிக்க வேண்டியிருக்கிறது: வலது திறப்பு, வலது மூடல், இடது திறப்பு, இடது மூடல்.

பியானோ முன்னால் உட்கார்ந்து பாண்டோனியனுக்கு எழுதினால் இதெல்லாம் கண்ணில் படாது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். வயோலா, கிளாரினெட், பாண்டோனியன் மூன்றுக்கும் ஒரு டிரியோ. அதில் நாலு ஸ்வரம் ஒன்றாக ஒலிக்கும் ஒரு கார்டு, மெதுவாக ஏறி, அதே கார்டு மெதுவாக இறங்க வேண்டும். வாசிப்பவர் முழங்காலில் துணியை விரித்து, பெட்டியை வைத்து, திறந்தபடியே ஏறினார். அற்புதமாக இருந்தது. அப்புறம் நின்றுவிட்டார். "மூடும்போது இந்த நாலும் என் விரலுக்கு எட்டாது, இங்கே பாருங்கள்" என்று கையைத் திருப்பிக் காட்டினார். சுண்டு விரல் ஒரு மூலையில், ஆள்காட்டி விரல் எதிர் மூலையில். நடுவில் இரண்டு விரல்களுக்கு வேலையே இல்லை.

அன்று மாலை வரை அந்த இரண்டு பாரிலேயே உட்கார்ந்திருந்தோம். முடிவில் கார்டு திறப்பில் ஏறியது. துருத்தி திரும்பும் இடத்தில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தது, அந்த ஓட்டையில் வயோலா ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டது. மூடலில் அதே கார்டு வரவில்லை, அதன் பக்கத்து வீட்டுக் கார்டு ஒன்று வந்தது. முதலில் நான் எழுதியதைவிட அது எவ்வளவோ நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு நான் ஒரு ஸ்வரம்கூட எழுதாமல், முதலில் துருத்தியைத்தான் எழுதுகிறேன். எத்தனை பார் திறப்பு, எங்கே திரும்புகிறது, எத்தனை பார் மூடல். ஸ்வரம் அதன் மேல்தான் வரும்.

உங்கள் கேள்விக்கு இதில்தான் பதில் இருக்கிறது. டாங்கோவில் அழுத்தமான இடங்களைப் பெரும்பாலும் திறந்தபடிதான் வாசிப்பார்கள். முழங்காலிலிருந்து பெட்டியின் எடை கீழே இழுக்க, அந்த இழுப்பிலேயே அடி விழும். வாக்கியம் முடிந்ததும் வலது கட்டைவிரலால் காற்று வால்வை அழுத்திச் சட்டென்று மூடிவிட்டு, மறுபடி திறப்பு. ஆக, ஒவ்வொரு வாக்கியமும் ஒரு இழுப்பு, ஒரு அடி. இதன் மேல் எட்டு எண்ணிக்கையை மூன்று, மூன்று, இரண்டாகப் பிரிக்கும் 3-3-2 தாளமும் சேர்ந்தால் நீங்கள் எந்த ஸ்வரம் எழுதினாலும் டாங்கோதான் கேட்கும். நீங்கள் திசை குறிக்கவில்லை என்றால் வாசிப்பவரின் கை தனக்குப் பழகிய பக்கம்தான் போகும். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பழைய எண் தாள்களில் இருந்த திசைக் குறியை உங்கள் ஸ்கோருக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். மூடலில் நீண்ட வாக்கியங்கள் எழுதிப் பாருங்கள். அதே வாத்தியம்தானா என்று தோன்றும்.

குவார்டெட்டோடு சேரும்போது இன்னும் சில விஷயங்கள் உண்டு. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இரண்டு ரீடு, ஒன்றுக்கு ஒன்று ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) தள்ளி. அதனால் வலது கை ஒரு மெட்டை வாசிக்கும்போது அதன் மேல் ஆக்டேவ் ஏற்கெனவே பெட்டிக்குள் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அந்த ஆக்டேவிலேயே முதல் வயலினை வைத்தால் வயலின் கரைந்து போகும். உங்கள் இரண்டாவது பாரில் அதுதான் நடக்கிறது. வயலினை வேறு ஸ்வரத்துக்கு நகர்த்துங்கள். இடது கையின் அடி ஸ்வரம் செல்லோவின் கீழ்த் தந்தி தரும் அதே ஸி. ஆனால் அந்தப் பெரிய ரீடு மெதுவான காற்றில் உடனே பேசாது, கொஞ்சம் தயங்கித்தான் வரும். செல்லோ முன்னால் தொட்டுக் கொடுத்தால் அந்தத் தயக்கமே அழகாகிவிடும். வலது கை பளிச்சென்று இருக்கும், இடது கை கொஞ்சம் மூடிய, மூக்கடைத்த குரல். ஒரே வாத்தியத்தில் இரண்டு ஆட்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதலாம்.

உங்களுக்கு வாசிக்கப்போகிறவர் எந்த வகைப் பெட்டி வைத்திருக்கிறார் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். இரண்டு திசையிலும் ஒரே ஸ்வரம் தரும் பெகூரி முறைப் பெட்டிகளும் இருக்கின்றன. அதற்கு எழுதியது இதற்கு ஒத்துவராது.

யாருடைய இசையைக் கேட்பது என்றால், முதலில் இசையமைப்பாளர் மௌரிசியோ காகல். 1931-இல் புவெனஸ் அயர்ஸில் பிறந்தவர், 1957-இல் ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்குப் போனார். 1960-61-இல் பாண்டோனியனுக்குத் தனியாக 'பண்டோராஸ்பாக்ஸ்' எழுதினார். க்ரெஃபெல்டிலிருந்து கொலோன் ரயிலில் போய்வரும் தூரம்தான். கடல் தாண்டிப் போன வாத்தியம் ஒரு அர்ஜென்டினாக்காரரின் கையில் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்ததாக எனக்குத் தோன்றும். அடுத்து டேவிட் டியூடர், பெரிய பியானோ கலைஞர். 1964-இல் இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸ் அக்கார்டியனும் பாண்டோனியனும் சேர்ந்த ஒரு டூயட் எழுதினார். அவரும் டியூடரும் ஏற்ற இறக்கப் பலகையின் இரு முனையில் உட்கார்ந்து வாசித்தார்கள், கூட ஒரு மைனாவும் இருந்தது. 1966-இல் இசையமைப்பாளர் கார்டன் மம்மா 'மேசா' என்ற படைப்பில் டியூடரின் பாண்டோனியனை எலக்ட்ரானிக் சுற்றுகள் வழியாக அனுப்பினார். அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கில் டியூடர் தானே அந்த ஒலியைக் கொண்டு ஒலிபெருக்கிகளையும் விளக்குகளையும் இயக்கினார். இவற்றில் டாங்கோவின் நிழல்கூட இல்லை.

நீங்கள் குவார்டெட்டுக்கு எழுதுவதால் பாண்டோனியன் கலைஞர் டினோ சாலூஸி 'ரோஸமுண்டே' குவார்டெட்டோடு பதிவு செய்த 'குல்ட்ரும்' கட்டாயம் கேட்க வேண்டும். சாலூஸி அர்ஜென்டினாவின் வடக்கே சால்டா மாகாணத்துக்காரர். அவர் கையில் பெட்டி அடிப்பதில்லை, மூச்சு விடுகிறது. தந்திகள் எப்போது நுழைந்தன என்றே தெரியாத இடங்கள் அதில் உண்டு. அதே குவார்டெட்டின் செல்லோ கலைஞர் ஆன்யா லெக்னரோடு அவர் பின்னால் செய்த 'ஓஹோஸ் நெக்ரோஸ்' தொகுப்பையும் கேளுங்கள். பாண்டோனியனே இல்லாத ஒன்றையும் சொல்கிறேன்: இசையமைப்பாளர் ஓஸ்வால்டோ கோலிஹோவ் 1996-இல் முடித்த 'லாஸ்ட் ரவுண்ட்'. டாங்கோ இசையமைப்பாளரும் பாண்டோனியன் கலைஞருமான பியாசோலாவின் நினைவாக எழுதியது, இரண்டு குவார்டெட்டும் ஒரு டபுள் பாஸும் மட்டும். முதல் பகுதி துருத்தியை மூர்க்கமாக அமுக்குவது போல, இரண்டாவது பகுதி முடியாமல் நீளும் ஒரு பெருமூச்சு போல. துருத்தி என்ற எண்ணத்தைத் தந்திகளுக்குள் எப்படிக் கொண்டுபோவது என்று அதில் படிக்கலாம்.

சரி, டாங்கோ வந்துவிட்டால் தப்பா? உங்கள் கேள்வியில் அந்தப் பயம் தெரிகிறது. பியாசோலா 1954-இல் பாரிஸில் பெயர்பெற்ற இசை ஆசிரியை நாடியா பூலாஞ்ஜேயிடம் படிக்கப் போனபோது, தான் டாங்கோ வாசிப்பவர் என்பதையே மறைத்தார். சிம்பொனி மாதிரியான ஸ்கோர்களைக் காட்டினார். அதில் மற்றவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள், பியாசோலா இல்லை என்றார் அம்மையார். கடைசியில் அவருடைய ஒரு டாங்கோவைப் பியானோவில் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இதுதான் நீ, இதை விடாதே என்றார். பியாசோலாவே பல இடங்களில் சொன்ன கதை இது. டாங்கோ அவருடைய சொந்த ஊர்ப் பேச்சு, அவருக்கு அது சரி. உங்களுக்கு அது சொந்தப் பேச்சு என்றால் தாராளமாக வரட்டும். ஆனால் நீங்கள் அனுப்பிய ஸ்கோரில் அது கேள்விப்பட்ட பேச்சாக இருக்கிறது, அதனால்தான் உங்களுக்கே உறுத்துகிறது.

அந்த எட்டு பாருக்கு வருகிறேன். இடது கையில் இருக்கும் 3-3-2-ஐ முழுசாக அழித்துவிடுங்கள். ஸ்வரங்களை மாற்ற வேண்டாம். அவற்றுக்கு மேல் திறப்பு மூன்று பார், மூடல் ஐந்து பார் என்று குறி போடுங்கள். வாசிப்பவரிடம் போய் உட்கார்ந்து, மூடலில் எவையெல்லாம் எட்டவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அந்த இடத்தில் மட்டும் மாற்றுங்கள். மிக மெதுவாக வாசித்தால் ஒரு திறப்பு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கையில் கடிகாரம் வைத்துப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். வால்வு திறக்கும்போது வரும் அந்தக் காற்றின் சத்தத்தையும் பதிவு செய்துகொள்ளுங்கள், அது உங்களுக்கு உதவும். ஐந்தாவது பாரில் வயோலா தனியாக நுழையும் இடத்தை மட்டும் தொடாதீர்கள். அது நன்றாக இருக்கிறது.